மஞ்சள் பேட்

டிப்ளோமா முடித்த கையோடு என் மகன், "அப்பா, நான் கார் பாலிஷ் கடை போடப் போறேன்" என்று சொன்ன அன்று நான் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

"கார் கழுவுறதுக்கா உன்னை மூணு வருசம் படிக்க வெச்சேன்?" என்று கேட்டேன். கேட்டது மட்டுமல்ல, அதற்கு மேலும் நிறையப் பேசினேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. "கழுவுறது வேற, இது வேறப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டான். என் மனைவிதான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இது நடந்து 5 ஆண்டுகள் ஆகிவிட்டன. கிள்ளானில் ஒரு கடை வரிசையின் மூலையில் அவன் கடை இருக்கிறது. ஒரு நேரத்தில் இரண்டு கார்கள் நிற்கலாம். வேலை ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியாமல் நானும் அங்கே போக ஆரம்பித்தேன். முதலில் கதவைத் திறந்து வைப்பது, தரையைக் கூட்டுவது, துணி துவைப்பது. பிறகு மெல்ல மெல்லக் காரில் கை வைத்தேன். அந்தக் கையால் ஒருநாள் நான் செய்த தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தக் காருக்குச் சொந்தமாகவே பாலிஷ் போடலாம் என்று மிஷின் வாங்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களில் ஒருவராவது இதைப் படித்துவிட்டு மிஷினைத் தொட்டால் எனக்குத் திருப்தி.

நான் 30 ஆண்டுகளுக்கு மேல் மரத்தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்தவன். மேசை, நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் தேய்த்து வழவழப்பாக்குவது என் பிரிவின் வேலை. மர வேலையில் ஒரு முறை உண்டு. முதலில் 80 அல்லது 120 எண் மணல்தாள். அது சொரசொரப்பை எடுத்துவிடும். அடுத்து 180, அதற்கடுத்து 240, கடைசியில் 320. கடினமானதில் தொடங்கி மென்மையானதில் முடிப்பது. எண் ஏற ஏறத் தாள் மென்மையாகும். இது என் விரல்களில் ஊறிப்போன கணக்கு. "தேய்க்கிற வேலையில் எனக்கு நீ சொல்லித் தரணுமா?" என்று மகனிடம் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அவன் ஒரு நாள் ஏ4 தாள் ஒன்றைக் கையில் கொடுத்தான். "இதோட கனம் எவ்வளவு இருக்கும்ப்பா?" என்றான். தெரியவில்லை என்றேன். "ஏறக்குறைய 100 மைக்ரான். ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. கார் மேல இருக்கிற மொத்த பெயிண்டும் அநேகமா இந்தக் கனம், இல்ல கொஞ்சம் கூட. அதுல ஆக மேல இருக்கிற கிளியர் கோட் இந்தத் தாள்ல பாதிகூட இருக்காது. நாம வேலை செய்யறது அந்தப் பாதிக்குள்ளதான்."

அன்றுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. பாலிஷ் என்றால் எதையோ பூசுவது என்று அதுவரை நினைத்திருந்தேன். செருப்புக்கு பாலிஷ் போடுவது போல. ஆனால் கார் பாலிஷ் பூசுகிற வேலையே இல்லை. அது எடுக்கிற வேலை. நம் ஊர் வெயிலில் நிற்கிற கருப்புக் காரைப் பார்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். அழுக்குத் துணியால் துடைத்ததால் வந்தது அது. அந்தக் கீறலை எதைக் கொண்டும் நிரப்பி மறைப்பதில்லை. கீறலைச் சுற்றியிருக்கும் மேடான கிளியர் கோட்டைச் சிறிதளவு தேய்த்து எடுத்து, கீறலின் ஆழத்துக்குச் சமமாக்குகிறோம். ஆகவே பளபளப்பு கூடக் கூட, மேலே இருக்கும் கவசம் குறைகிறது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவதும் அந்தக் கவசம்தான். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

எவ்வளவு எடுப்பது என்பதை முடிவு செய்வது மூன்று பொருள்கள்: மிஷின், மருந்து, பேட். மருந்து என்று நான் சொல்வது காம்பவுண்டையும் பாலிஷையும். பலர் மருந்துக்குக் காசு செலவழிக்கிறார்கள், மிஷினுக்குச் செலவழிக்கிறார்கள். பேட் மட்டும் கையில் கிடைத்தது போதும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பெயிண்டைத் தொடுவது பேட்தான். ஒரே மருந்தைக் கடினமான பேட்டில் போட்டால் வெட்டும். மென்மையான பேட்டில் போட்டால் மெருகூட்டும்.

பேட்களில் மூன்று இனம் உண்டு. முதலாவது கம்பளி. ஆழமான கீறலையும் மணல்தாள் தேய்த்த தடத்தையும் வேகமாக எடுத்துவிடும். சூடு ஓரளவு குறைவாகத்தான் ஏறும், ஆனால் நூல் கொட்டும், தன் பங்குக்கு மெல்லிய தடத்தையும் விட்டுப்போகும். இரண்டாவது மைக்ரோஃபைபர் பேட். துணி போல இழைகள் இருக்கும். அடியில் ஃபோம் இருக்கும். இதுவும் நன்றாக வெட்டும். மூன்றாவது முழுக்க ஃபோம். இதில்தான் கடினம், நடுத்தரம், மென்மை என்று பல வகை. பஞ்சு போல இருப்பதால் எல்லாம் ஒன்றுதான் என்று தோன்றும். விரலால் அழுத்திப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கடினமானது அமுங்க யோசிக்கும். மென்மையானது கன்னம் போல உள்ளே போகும்.

இந்த ஃபோம் பேட்களை அடையாளம் காண நிறுவனங்கள் நிறம் வைத்திருக்கின்றன. இங்கேதான் கவனம் வேண்டும். எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான நிற விதி கிடையாது. இத்தாலியின் ரூபெஸ் நிறுவனத்தில் நீலம் கடினம், பச்சை நடுத்தரம், மஞ்சள் மென்மை, வெள்ளை மிக மென்மை. அமெரிக்காவின் லேக் கன்ட்ரி நிறுவனத்தின் வழக்கமான வரிசையிலோ மஞ்சள் என்றால் வெட்டும் பேட், ஆரஞ்சு அதற்கு ஒரு படி குறைவு, வெள்ளை மெருகூட்ட, கருப்பு இறுதி வேலைக்கு. ஒருவரின் மென்மை இன்னொருவரின் கடினம். போக்குவரத்து விளக்கு மாதிரி சிவப்புக்கு ஓர் அர்த்தம், பச்சைக்கு ஓர் அர்த்தம் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்.

இதையெல்லாம் மகன் எனக்குச் சொல்லித்தான் இருந்தான். கேட்டுத் தலையும் ஆட்டினேன்.

மிஷினைப் பற்றியும் சொல்லியிருந்தான். ரோட்டரி என்பது ஒரே மையத்தில் சுற்றுகிற மிஷின். வேகமாக வேலை முடியும், ஆனால் ஒரே இடத்தில் நின்றால் சூடு ஏறிப் பெயிண்ட் எரியும். டூவல் ஆக்‌ஷன் என்று இன்னொன்று. அதன் தட்டு சுற்றவும் செய்யும், மையம் விலகி ஆடவும் செய்யும். அதிகமாக அழுத்தினால் சுற்று நின்றுபோகும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. "அப்பா, நீங்க டூவல் ஆக்‌ஷன் மட்டும் தொடுங்க" என்பது அவன் எனக்குப் போட்ட ஒரே கட்டளை.

அந்த வாரம் ஒரு மிஸ்ஸி தன் மைவி காரைக் கொண்டுவந்து விட்டிருந்தார். கருப்பு நிறம். அரசாங்க மருத்துவமனையில் வேலை செய்கிறவர். சொந்தச் சம்பளத்தில் வாங்கிய முதல் கார். ஞாயிற்றுக்கிழமை அவர் தம்பிக்குப் பெருமாள் கோவிலில் கல்யாணம். மாப்பிள்ளையை ஏற்றிப் போவது அந்தக் கார்தான். "அண்ணே, மாலை போட்டு நிக்கும்போது காடி கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் இன்னமும் காரைக் காடி என்றுதான் சொல்கிறோம்.

வியாழக்கிழமை. மகன் காலையிலேயே போனட், கூரை, வலப்பக்கக் கதவுகள் எல்லாம் முடித்துவிட்டான். மதியம் வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. "இடப்பக்கம் நான் வந்து பார்த்துக்கிறேன், நீங்க பசியிருந்தா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் சாப்பிடவில்லை. அவன் வருவதற்குள் முன் ஃபெண்டரை முடித்து வைத்தால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவன் சந்தோஷப்படுவதைவிட, எனக்கும் தெரியும் என்று காட்டுவதுதான் உள்ளே இருந்த ஆசை. டூவல் ஆக்‌ஷன் மிஷினில் தேய்த்துக்கொண்டிருந்தால் நேரமாகும். ரோட்டரி பக்கத்திலேயே இருந்தது. 30 ஆண்டுகளாகச் சுற்றுகிற மிஷினோடு வாழ்ந்தவனுக்கு இது என்ன பெரிய விஷயம்? அலமாரியைத் திறந்தேன். மஞ்சள் பேட் ஒன்று இருந்தது. மஞ்சள் என்றால் மென்மை என்று மகன் சொன்னது நினைவில் இருந்தது. அவன் சொன்னது ஒரு நிறுவனத்தின் மஞ்சளை. நான் எடுத்தது வேறொரு நிறுவனத்தின் மஞ்சள். பெட்டி பக்கத்திலேயே கிடந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு வரி படித்திருந்தால் தெரிந்திருக்கும். விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

ஃபெண்டரின் மேல் விளிம்பு போனட்டைத் தொடுகிற இடத்தில் ஒரு மடிப்பு இருக்கும். அப்படிப்பட்ட மடிப்பிலும் ஓரத்திலும் பெயிண்ட் மற்ற இடங்களைவிட மெல்லியதாக இருக்கும். மகன் அந்த மாதிரி இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் மிஷினைக் கொண்டுபோவான். நான் ஒட்டவில்லை. ஒரு சின்னக் கீறல் அந்த மடிப்பில் தெரிந்தது. அதை எடுக்க மிஷினைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தேன். பேட்டின் ஓரம் மட்டும் பட்டது. பத்து வினாடி இருக்கும். அதிகம் போனால் பதினைந்து.

அந்த மருந்து வெள்ளை. கிளியர் கோட்டைத் தேய்த்தால் பேட்டில் வெள்ளையாகத்தான் ஒட்டும், ஏனென்றால் கிளியர் கோட்டுக்கு நிறமில்லை. நான் மிஷினை நிறுத்திப் பேட்டைத் திருப்பிப் பார்த்தபோது மஞ்சள் மேல் கருப்பாக ஒரு வளையம் இருந்தது. கையில் எடுத்த துணி நடுங்கியது. மடிப்பைத் துடைத்தேன். விரல் அகலத்துக்குப் பளபளப்பு போய், மங்கலாக ஒரு திட்டு. அதன் நடுவில் நூல் மாதிரி சாம்பல் கோடு. அது அடியில் பூசுகிற பிரைமர். கிளியர் கோட்டும் போய், கருப்பும் போய், அதற்கும் கீழே போய்விட்டேன்.

நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மனைவி கட்டிக் கொடுத்த சோறு மேசை மேல் அப்படியே இருந்தது. கல்யாணத்துக்கு மூன்று நாள்.

மகன் வந்தான். நான் எதையும் சொல்வதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துவிட்டு நேராகக் காரிடம் போனான். குனிந்து பார்த்தான். விளக்கை எடுத்து அடித்துப் பார்த்தான். தரையில் கிடந்த மஞ்சள் பேட்டையும் ரோட்டரியையும் பார்த்தான். அரை நிமிடம் பேசவில்லை. அந்த அரை நிமிடத்தில் அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள நான் தயாராக இருந்தேன்.

"கையில ஏதும் அடி படலையே?" என்றான்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"சரி. இதை பாலிஷ் போட்டு மறைக்க முடியாது. ஃபெண்டர் முழுக்கப் பெயிண்ட் அடிக்கணும். நான் மிஸ்ஸிக்குப் போன் பண்றேன்."

"நான் பண்றேன்" என்றேன்.

போனில் மிஸ்ஸி முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அண்ணே, நான் கேட்டது இது ஒண்ணுதானே?" என்றார். குரல் உடைந்திருந்தது. கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தவறு முழுக்க என்னுடையது, செலவு எங்களுடையது, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கார் கையில் இருக்கும் என்று சொன்னேன். "நம்பலாமா?" என்று கேட்டார். நம்பலாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. மகன் போனை வாங்கிச் சொன்னான்.

மகனுக்குத் தெரிந்த பெயிண்ட் பட்டறை ஒன்று இருந்தது. அன்று மாலையே காரைக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் ஃபெண்டர் முழுவதையும் தேய்த்து, நிறம் கலந்து, அடித்து, சூட்டறையில் வைத்து உலர்த்தினார். சனிக்கிழமை மதியம் கார் வந்தது. நிறம் ஒத்துப்போயிருந்தது. புதுப் பெயிண்ட் முழுவதும் இறுக நாளாகும், ஒரு மாதத்துக்கு அதன் மேல் மெழுகு போடாதீர்கள், டேப்பும் ஒட்டாதீர்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார். அதனால் மறுநாள் மாப்பிள்ளைக் காரின் மாலை ஒரு பக்கம் ஃபெண்டர் வரைக்கும் வந்து, இன்னொரு பக்கம் போனட்டோடு நின்றது. படத்தில் பார்த்தால் தெரியும். எனக்குத் தெரியும்.

அந்த வேலைக்கு மகன் மிஸ்ஸியிடம் ஒரு காசும் வாங்கவில்லை. பட்டறைக்கு அவன்தான் கொடுத்தான். எவ்வளவு என்று கேட்டேன். "விடுங்கப்பா" என்றான். மனைவிதான் பிறகு 300 வெள்ளி என்று சொன்னாள்.

திங்கட்கிழமை கடைக்குப் போக எனக்கு மனமில்லை. வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அவன் வழக்கம்போல் 8 மணிக்கு வாசலில் வந்து, "கிளம்பலையா?" என்றான். போனேன். அலமாரியில் இருந்த எல்லாப் பேட்களின் முதுகிலும் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது. வெட்டு. நடு. மெருகு. தமிழில். அவன் கூட வேலை செய்கிற பையன் ஒரு வங்காளதேசி. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எனக்காகத்தான் எழுதியிருக்கிறான் என்று புரிந்தது.

பின்பக்கம் ஒரு பழைய போனட்டைச் சாய்த்து வைத்திருந்தான். பழைய இரும்புக் கடையில் வாங்கியதாம். "இதுல ஒரு வாரம் பழகுங்க. எரிஞ்சாலும் பரவாயில்லை. ஆனா ஒரே ஒரு கணக்கு. மென்மையான பேட்டுல தொடங்குங்க. போதலைன்னா மட்டும் அடுத்ததுக்குப் போங்க."

என் மர வேலைக் கணக்கை இது அப்படியே தலைகீழாக்கியது. மரத்தில் தேய்க்க நிறைய இருக்கிறது. அதனால் கடினத்தில் தொடங்கலாம். காரில் தேய்க்க இருப்பது தாளில் பாதி. அதனால் இரண்டு அடி நீளம், இரண்டு அடி அகலத்தில் ஒரு சோதனைச் சதுரம் போட வேண்டும். முதலில் மென்மையான பேட், மென்மையான பாலிஷ். துடைத்து, விளக்கடித்துப் பார்க்க வேண்டும். மருந்தில் இருக்கும் எண்ணெய் கீறலை மறைத்துக் காட்டும், ஆகவே ஆல்கஹால் கலந்த நீரால் அந்த எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கீறல் போயிருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். போகாவிட்டால்தான் நடுத்தரப் பேட். அதிலும் போகாவிட்டால்தான் வெட்டும் பேட். வெட்டும் பேட் போட்ட இடத்தில் மறுபடி மென்மையான பேட்டால் தடத்தை எடுத்து முடிக்க வேண்டும். ஒரு காரின் பெயிண்ட் இன்னொரு காரின் பெயிண்ட் போல இருக்காது. ஒன்று கல், ஒன்று வெண்ணெய். அதனால் நேற்று அந்தக் காருக்குப் பிடித்த பேட்டை இன்று இந்தக் காருக்குப் போட முடியாது. ஒவ்வொரு காருக்கும் புதிதாகச் சோதனைச் சதுரம் போட வேண்டும்.

பழைய போனட்டில் பழகியபோது இன்னும் சில விஷயங்கள் பிடிபட்டன. சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

பேட்டை ஒட்டுகிற தட்டு பேட்டைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். ஐந்தரை அங்குல பேட்டுக்கு 5 அங்குலத் தட்டு. தட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் விளிம்பு பெயிண்டில் இடித்துக் கீறிவிடும். தட்டு வாங்கும்போது மிஷினின் மரையையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் ரோட்டரிகளுக்குப் பெரும்பாலும் எம்14 மரை. பல டூவல் ஆக்‌ஷன் மிஷின்களுக்கு அது பொருந்தாது. என் மகனே ஒருமுறை தவறான தட்டை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறான். பேட்டைத் தட்டின் நடு மையத்தில் ஒட்ட வேண்டும். கோணலாக ஒட்டினால் மிஷின் கையில் துள்ளும்.

போனட், கூரை போன்ற அகலமான இடத்துக்குப் பெரிய பேட். பம்பர் வளைவு, கண்ணாடிக்குக் கீழே, கதவுக் கைப்பிடியைச் சுற்றி என்றால் 3 அங்குல பேட். பெரிய பேட்டைச் சிறிய இடத்தில் திணிக்கும்போதுதான் ஓரம் எரிகிறது. டூவல் ஆக்‌ஷன் மிஷினுக்கு அதிகத் தடிமன் இல்லாத பேட் நல்லது. தடித்த பேட், மிஷினின் ஆட்டத்தைத் தானே விழுங்கிவிடும். வேலை பெயிண்டுக்குப் போய்ச் சேராது. நடுவில் ஓட்டை உள்ள பேட் சூட்டை வெளியேற்றும்.

ஒரு பேட்டை வைத்து முழுக் காரையும் முடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரே வகையில் மூன்று, நான்கு பேட்களாவது வேண்டும். தேய்த்தெடுத்த பெயிண்டும் காய்ந்த மருந்தும் பேட்டில் சேரச் சேர, பேட்டே மணல்தாள் ஆகிவிடும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஃபோம் பேட்டை நைலான் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பளி பேட்டுக்கென்று பல் சக்கரம் போல ஒரு கருவி உண்டு; அதை ஃபோம் மேல் வைத்தால் பிய்த்துவிடும். பேட் தொட்டால் சுடுகிறது என்றால் மாற்ற வேண்டும். சூடான பேட்டில் வெல்குரோ பிரிந்து வந்துவிடும். மருந்தை வாரிப் பூச வேண்டாம். பட்டாணி அளவில் நான்கு சொட்டு போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கார் சுத்தமாக இருக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவினால் மட்டும் போதாது. கையால் தடவினால் சொரசொரவென்று இருப்பது பெயிண்டில் ஒட்டிய தூசு, மரப்பிசின், இரும்புத் துகள். கிளே என்கிற களிமண் போன்ற கட்டியால் நீர் தெளித்துத் தடவி எடுத்துவிட வேண்டும். கருப்பு ரப்பர், பிளாஸ்டிக் மீது மருந்து பட்டால் வெள்ளையாகக் காய்ந்து போகாது, ஆகவே டேப் ஒட்ட வேண்டும். வெயிலில் நிற்கிற காரில் மிஷினை வைக்கவே கூடாது. நம் ஊர் மதிய வெயிலில் போனட் மேல் மருந்து தேய்ப்பதற்குள் காய்ந்துவிடும். துடைக்கிற மைக்ரோஃபைபர் துணி தரையில் விழுந்தால் அதை அன்றைக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால் காலையிலிருந்து செய்த வேலை வீண். அந்தத் துணிகளை மற்றத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது, துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம்.

பழைய போனட்டில் ஒரு வாரம் என்றான் மகன். நான் மூன்று வாரம் பழகினேன்.

அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள், மென்மையான பேட்டை வைத்து நான்கு முறை போனதிலேயே சோதனைச் சதுரத்தின் கீறல் எல்லாம் போய்விட்டது. கடினமான பேட்டுக்கு வேலையே இல்லை. விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே நின்றேன். என் மகன் எஸ்.பி.எம். தேர்வில் கணக்கில் தவறியபோது நான் அவனிடம் பேசிய வார்த்தைகள் நினைவுக்கு வந்தன. டிப்ளோமா முடித்த அன்று பேசியதும் நினைவுக்கு வந்தது. எதற்கும் நான் கடினமானதைத்தான் முதலில் எடுத்திருக்கிறேன். மென்மையாகச் சொன்னால் போதுமா என்று ஒருமுறைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை. அவன் என் தவற்றுக்கு முதலில் கேட்டது, கையில் அடிபட்டதா என்று.

இதை அவனிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பேசுகிற பழக்கம் இல்லை. அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் மட்டும், "நல்ல வேலைதான்டா இது" என்றேன். அவன் வண்டியை ஓட்டிக்கொண்டே, "ம்" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஒட்டுக்கடையில தே குடிச்சிட்டுப் போவோமா?" என்றான்.

இப்போது எனக்கு டூவல் ஆக்‌ஷன் மிஷினில் முழுப் பக்கம் ஒன்றைக் கொடுக்கிறான். ரோட்டரியை நான் தொடுவதில்லை; அவனும் தரவில்லை. மடிப்பும் ஓரமும் வந்தால் டேப் ஒட்டிவிட்டு, கையால்தான் முடிக்கிறேன். எந்தப் பேட்டை எடுத்தாலும் முதலில் திருப்பி முதுகைப் படிக்கிறேன், பிறகு விரலால் அழுத்திப் பார்க்கிறேன்.

மாலையில் பேட்களைத் துவைப்பது இன்றும் என் வேலைதான். வெதுவெதுப்பான நீரில் சோப்புக் கரைத்து ஊற வைத்து, விரலால் பிழிந்து, நிழலில் முகம் கீழே பார்க்க அடுக்கி வைப்பேன். வெட்டு ஒரு வரிசை. நடு ஒரு வரிசை. மெருகு ஒரு வரிசை.

மிஸ்ஸி ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கருப்பு மைவியைக் கொண்டுவந்து விடுகிறார். கோபமெல்லாம் போய்விட்டது. சாவியை என் கையில் கொடுக்கும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்பார்:

"அண்ணே, ஃபெண்டர் பக்கம் தம்பிதானே செய்யும்?"

"தம்பிதாம்மா" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொள்வேன்.